வெயிலுக்கும் உறைபனிக்கும் நடுவே

இன்சுலினுக்கு வெயில் ஆகாது. உறைபனி அதைவிட ஆகாது. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடு. சித்திரை, வைகாசியில் நிழலில் நின்றாலே தரை கொதிக்கிற ஊர். எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் இருந்த வீடு கிடையாது. அந்த ஊரில்தான் 1988ல், பன்னிரண்டு வயதில், எனக்கு முதல் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள்.

வயதானவர்களுக்கு வரும் சுகர் வேறு, இது வேறு. இதில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. மாத்திரைக்கு இங்கே வேலையில்லை. வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றியாக வேண்டும். அடியோடு நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கு ஆபத்து. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு ஊருக்குக் கிளம்புவதென்றால் முதல் கேள்வி துணிமணி பற்றியது இல்லை, மருந்து எங்கே இருக்கும் என்பதுதான்.

அப்போது எனக்குப் போட்டவை லென்டே, பிளெயின் என்ற இரண்டு இன்சுலின்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட கண்ணாடிக் குப்பிகள். சிரிஞ்சும் கண்ணாடிதான். அம்மா தினமும் அதைத் தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைப்பாள். குப்பி எங்கள் ஊரில் கிடைக்காது. அப்பா மதுரைக்குப் போய், வாய் அகன்ற ஃப்ளாஸ்கில் ஐஸ் கட்டிக்கு நடுவே வைத்துப் பஸ்ஸில் கொண்டு வருவார். வீட்டில் அது குடியிருந்தது ஒரு மண்பானையில். பெரிய பானைக்குள் ஆற்றுமணல், மணலுக்குள் சின்னப் பானை, அதற்குள் குப்பி. மணலில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், மேலே நனைத்த சாக்கு. அந்தப் பானையை வேறு யாரும் தொடக்கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் குடிதண்ணீர் என்று நினைத்து மூடியைத் திறந்ததற்கு அம்மா பட்ட கலக்கத்தைச் சின்னப் பெண்ணான நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பானையை விட்டு என்னால் எங்கும் போக முடியாது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். கல்யாணம் என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். ஆச்சி வீட்டில் ராத் தங்கல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனபோது நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்: “ஐஸ் கரைஞ்சு போச்சுன்னா என்ன செய்வ தாயி?” அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மகளின் உயிர் ஒரு குப்பிக்குள் இருக்கிறது, அந்தக் குப்பியோ சூடு பட்டால் கெட்டுவிடும் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் மதுரையில் நாங்கள் பார்த்துவந்த மருத்துவர். நான் பிளஸ் டூ முடித்து வெளியூர்க் கல்லூரியில் சேர வேண்டும் என்று அழுதுகொண்டிருந்த சமயம். அம்மாவை எதிரே உட்கார வைத்து அவர் பேசினார். “ஃப்ரிட்ஜ விட்டு வெளிய எடுத்த உடனே செத்துப் போற மருந்து இல்லம்மா இது. பயன்பாட்டுல இருக்கற குப்பி ஒரு மாசம் வெளிய இருக்கலாம். அறை சூடு இருபத்தஞ்சு, முப்பதுக்குள்ள இருந்தாப் போதும். அதுக்கு மேல போனா வீரியம் கொஞ்சங்கொஞ்சமாக் கொறையும், ஒரே ராத்திரியில கெட்டுப் போகாது. ஆனா வெயில்ல நேராக் காட்டாதீங்க, மூடுன கார்ல விடாதீங்க, பஸ்ல இன்ஜின் பெட்டி மேல வைக்காதீங்க. இன்னொண்ணு, ஃப்ரீசர்ல மட்டும் ஒருநாளும் வைக்காதீங்க.” அம்மா பானையைப் பற்றிக் கேட்டாள். அவர் சிரித்தபடி, “அது நீங்களா கண்டுபிடிச்ச ஃப்ரிட்ஜ். விட்டுடாதீங்க” என்றார். பேருந்தில் திரும்பி வரும்போது அம்மா என்னிடம் எதுவும் பேசவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டபோது மறுக்கவும் இல்லை.

வெகுகாலம் கழித்து, 2021ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தபோது அந்தப் பானைதான் கண்முன் வந்தது. கென்யாவில் தாதாப் என்ற மாபெரும் அகதி முகாமில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வேலை செய்கிறது. அங்கே கூடாரங்களின் வெப்பம் ஒரு நாளுக்குள்ளேயே 25க்கும் 37க்கும் நடுவே ஏறி இறங்கும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாததால், ஊசிக்காகவே நோயாளிகள் அன்றாடம் மருத்துவமனைக்கு வந்து போக வேண்டியிருந்தது. அதே ஏற்ற இறக்கத்தை ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வகத்தில் உண்டாக்கி, நான்கு வாரம் இன்சுலினை அதில் வைத்துச் சோதித்தார்கள். குளிரில் வைத்த இன்சுலினுக்கும் இதற்கும் வீரியத்தில் வேறுபாடு இல்லை. தினமும் ஊசிக்கு நடக்கிறவரால் வேலைக்குப் போக முடியாது, பள்ளிக்குப் போக முடியாது, பிறந்த ஊரைப் பார்த்துவர முடியாது. மருந்தின் தாங்குதிறனைப் பற்றிய ஒரு தகவல் கையில் இல்லாததால் எத்தனை வாழ்க்கைகள் ஒரே இடத்தில் கட்டிப் போடப்பட்டிருந்தன என்று நினைத்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கோவில்பட்டியில் ஒரு சிறுமியைக் கட்டிப் போட்டதும் அதுவேதான்.

முதல் நெடும்பயணம் 1998 மே மாதம், ஒரு நேர்முகத் தேர்வுக்காக டெல்லிக்கு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சாதாரண ஸ்லீப்பர் பெட்டி. இரவு சென்னையில் ஏறினால் மறுநாள் பட்டப்பகலில் வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர் என்று நாட்டின் மிகக் கடுமையான வெயில் பகுதிக்குள் வண்டி போகும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடும். காற்றே அனல்.

அந்தப் பயணத்துக்கு அம்மா பானையையே சிறிதாக்கிக் கொடுத்தாள். குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன்மேல் தடித்த பருத்தித் துணியைச் சுற்றி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, காற்றுப் படும்படி ஒரு வலைப் பையில் தொங்கவிட வேண்டும். துணி காயக் காய நனைக்க வேண்டும். இது வேலை செய்யும் விதம் எளிது: நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இப்போது கடைகளில் நீரை உறிஞ்சி உப்பும் மணிகள் வைத்துத் தைத்த பைகள் விற்கிறார்களே, அவற்றுக்கும் இதே தத்துவம்தான். நாக்பூர் போன்ற வறண்ட வெயிலில் இது அருமையாகக் குளிரும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அவ்வளவு குளிராது, ஏனென்றால் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. துணி காயாது, காயாவிட்டால் குளிர்ச்சி இல்லை. ஊருக்குத் தகுந்த உறை என்று பிற்பாடு நான் தெரிந்துகொண்டது இதைத்தான்.

எதிர் பெர்த்தில் விழுப்புரத்து அம்மா ஒருவர், மகனைப் பார்க்க டெல்லி போய்க்கொண்டிருந்தார். காலையில் நான் சிரிஞ்சை எடுத்ததும் முகம் மாறியது. “என்னம்மா ஊசி அது?” என்றார். சுகர் என்றேன். “இந்தச் சின்ன வயசுலயேவா? இனிப்பு ரொம்பத் தின்னியா?” இந்தக் கேள்வியை என் வாழ்நாள் முழுக்கக் கேட்டுவருகிறேன். இனிப்புத் தின்பதால் வருவதில்லை இது என்று அவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: “அக்கா, நான் பேச்சுக் குழறினாலோ, மயங்கின மாதிரி இருந்தாலோ இந்த டப்பாவுல இருக்கற குளுக்கோஸ் தண்ணியக் குடுங்க. விழுங்க முடியாத அளவு மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, டாக்டரக் கூப்பிடுங்க.” மதுரை மருத்துவர் என்னை மனப்பாடம் செய்ய வைத்திருந்த வாக்கியம் அது.

பல்லார்ஷாவைத் தாண்டி வண்டி வெட்ட வெளியில் நின்றுவிட்டது. மதியச் சாப்பாடு வரவில்லை. காலையில் போட்ட ஊசி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது வழக்கமாக முதலில் எனக்கு வேர்க்கும். அந்தப் பெட்டியில் எல்லோருக்குமே வேர்த்துக்கொண்டிருந்தது. வெயில் நாட்டில் பயணம் செய்கிற இன்சுலின்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான், வெக்கையின் வேர்வைக்குள், சர்க்கரை இறங்கும் ‘லோ’வின் வேர்வை ஒளிந்துகொள்ளும். மீட்டர் அப்போது என்னிடம் இல்லை. பத்திரிகையின் எழுத்து கலங்கியதும் எதிரே இருந்தவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் எழுந்துவிட்டார். மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து நீட்டினார், கால் மணி நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு தன் புளிசாதத்தில் பாதியைக் கொடுத்தார். டெல்லி வரும்வரை துணியை நனைக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவேன். கல்யாணமாகாத பெண் ஊர் பூராவும் சொல்லலாமா என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் முறையிட்டார்கள். பெண்பிள்ளைகள் நோயை மறைத்துக்கொண்டு ரயில் கழிப்பறையில் நின்று ஊசி போடுவதை நான் பார்த்திருக்கிறேன். வண்டி குலுங்க, அழுக்குக் குழாயடியில், ஊசி முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நிலைமை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்.

வெயிலைப் பற்றித்தான் நம் ஊரில் எல்லோரும் எச்சரிப்பார்கள். எனக்கு நேர்ந்த பெரிய இழப்பு குளிரால். 2006 ஜனவரியில் கணவரோடு ஊட்டி போயிருந்தேன். புல்வெளியில் காலையில் உறைபனி படியும் பருவம். தங்கிய விடுதியில் குப்பிகளை ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை கேட்டபோது அங்கிருந்த பையன் ஃப்ரீசரைத் திறந்தான். “நல்லா சில்லுனு இருக்கட்டும்னு மேல வச்சேன்க்கா” என்றான். நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

என்னிடம் இருந்தவை இரண்டு வகை, ஒன்று கலங்கலானது, ஒன்று தெளிவானது. கலங்கலான இன்சுலினைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது: இளகிய பிறகு கட்டி கட்டியாக மிதந்தது, குப்பியின் சுவரில் பொடி ஒட்டியிருந்தது. உருட்டினாலும் கலக்கவில்லை. ஆபத்து மற்றதில்தான். தெளிவான இன்சுலின் உறைந்து இளகினால் சில சமயம் பார்வைக்கு நேற்றைப் போலவே பளிச்சென்று இருக்கும், உள்ளே வீரியம் போயிருக்கும். போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்கத் தோன்றும். போட்டுவிட்டு, சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று புரியாமல் மேலும் மேலும் போட்டுத் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். இரண்டையும் தூர எறிந்தோம். கணவரின் பையில் இன்னொரு ஜோடி, கம்பளிச் சட்டைக்குள் சுருட்டியபடி இருந்தது. எல்லா மருந்தையும் ஒரே பையில் வைக்காதே என்பதும் மதுரைப் பாடம்தான். தேவைக்கு இரு மடங்கு, அதுவும் இரண்டு ஆள் கையில். மலையில் மற்ற இரவுகளில் குப்பியைப் போர்வைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு தூங்கினேன். குளுக்கோமீட்டரையும் அப்படித்தான், விறைத்துப் போனால் அது எண் காட்டாது.

இறங்கி வரும் வழியில் சிரிஞ்சு வாங்கும்போது இன்னொன்று நடந்தது. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆளைக் கொல்லக்கூடியது. நம் நாட்டுக் குப்பிகளில் பெரும்பாலானவை 40 யூனிட் வீரியம். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. இன்சுலின் பேனாவுக்கான கார்ட்ரிட்ஜும் சில குப்பிகளும் 100 யூனிட். அந்தச் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. கடைக்காரர் ஆரஞ்சு மூடியை எடுத்துக் கொடுத்து, “எல்லாம் ஒண்ணுதாங்க” என்றார். ஒன்று இல்லை. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். சர்க்கரை எகிறும். தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் போவது 50 யூனிட். அந்த ஆள் தூக்கத்திலிருந்து எழாமலே போகலாம். வெளிநாடுகள் பலவற்றில் 40 யூனிட் மருந்தே கிடையாது. அதனால்தான் குப்பி எடுத்துப் போகிறவர்கள் அதற்குரிய சிரிஞ்சையும் இங்கிருந்தே போதுமான அளவு எடுத்துப் போக வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பயன்படுத்திய ஊசிகளுக்குத் தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் வேண்டும். விடுதிக் குப்பைக் கூடையில் போட்டால் அதை அள்ளும் அம்மாவின் கையில்தான் குத்தும்.

தம்பி டொராண்டோவில் குடியேறிப் பல வருடமாக அழைத்துக்கொண்டிருந்தான். 2019 ஜூலையில் போனேன். அதற்குள் நான் பேனாவுக்கு மாறியிருந்தேன்: இரவில் ஒரு முறை கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின், சாப்பாட்டு வேளைகளில் விரைவு இன்சுலின். மருத்துவரின் கடிதம், மருந்துச் சீட்டு, எல்லாம் கைப்பையில். இன்சுலினைப் பெட்டியோடு சரக்கறைக்கு அனுப்பவே கூடாது. உறையக்கூடும், பெட்டியே வேறு ஊருக்குப் போய்விடவும் கூடும். சென்னை விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்ன பெண் காவலர் பேனாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இன்சுலினா மேடம்? எங்க அப்பாவும் போட்டுக்கறார்” என்று பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

மேற்கே போனால் நாள் நீளும், கிழக்கே போனால் சுருங்கும். கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9 மணிக்குப் போடுவது அங்கே காலை 11.30. என் மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தபடி முதலில் இந்திய நேரத்திலேயே கிளார்ஜினைப் போட்டு, நாளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்து இரவில் நிறுத்தினேன். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்து அமர்ந்த பிறகுதான் ஊசி. பேனாவில் ஊசியை மாட்டியே வைக்கக் கூடாது, காற்றழுத்தம் மாறும்போது கார்ட்ரிட்ஜுக்குள் குமிழி புகுந்துவிடும்.

எங்கே போக வேண்டும் என்று தம்பி கேட்டபோது நயாகராவைச் சொல்லவில்லை. ஒன்டாரியோ மாகாணத்து லண்டனில் ஒரு வீடு இருக்கிறது. 1920 அக்டோபர் 31 அதிகாலை 2 மணிக்கு, தூக்கம் வராமல் இருந்த ஃபிரெடெரிக் பேன்டிங் என்ற இளம் மருத்துவர் கணையத்திலிருந்து, பின்னால் இன்சுலின் எனப்பட்ட சாரத்தைப் பிரித்தெடுக்கும் யோசனையை எழுதி வைத்த வீடு. அடுத்த ஆண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பெஸ்ட்டோடு சேர்ந்து செய்து பார்த்தார். 1922 ஜனவரியில் பதினான்கு வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி. அதற்கு முன் என் நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சாவைத் தள்ளிப் போடுவதுதான் வைத்தியம். அந்தப் படுக்கையறையில் நின்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவும் உடன் வந்திருக்கலாமே என்று இருந்தது. 1923ல் கண்டுபிடித்தவர்கள் இன்சுலினின் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு 1 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் போவதற்குச் சில நாட்கள் முன்புதான், அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து தாய்மாரும் நோயாளிகளும் கூட்டமாக வண்டி கட்டிக்கொண்டு இதே லண்டனுக்கு இன்சுலின் வாங்க வந்திருந்தார்கள், அவர்கள் நாட்டில் விலை கட்டுப்படியாகாமல். 1 டாலருக்குக் கைமாறிய மருந்து அது. பக்கத்து நாட்டுத் தாய்மார் அதற்காக எல்லை தாண்டி வர நேர்ந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, இன்றும் முடியவில்லை. கனடாவில் மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்தாளுநரிடம் கேட்டு இன்சுலின் வாங்கலாம் என்று தெரிந்ததும், தேவையில்லாவிட்டாலும் மனசுக்குள் ஒரு தெம்பு.

அடுத்த மாதம் ராமேஸ்வரம், இரவு ரயிலில். கடலோரம் என்பதால் நனைக்கும் பை வேண்டாம். உபயோகத்தில் இருக்கும் பேனாக்கள் சும்மா கைப்பையில் வரும், மூன்று நாளுக்கு அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மாற்றுப் பேனாக்கள் வாய் அகன்ற ஃப்ளாஸ்கில், ஐஸ் பையைத் தொடாதபடி துண்டில் சுற்றி, கணவர் கையில். குளுக்கோஸ் இருவரிடமும். அம்மாவும் வருகிறாள்.